கேட்டால்தான் துடக்கு

"ஊட்டாதீங்க எண்டு சொல்றன்—"

"ஊட்டாட்டி எப்பிடி உயிர் நிக்கிற? நீ தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி—"

"தூக்க மாட்டன். போன வாயே இன்னும் இறங்கல்ல. இஞ்ச பாருங்க, கன்னத்துக்குள்ளயே கஞ்சி நிக்கிது—"

"அது இறங்கும். அம்மா, ஆ... வாயத் துறங்க, ஒரே ஒரு வாய்—"

"புரைக்கேறினா நெஞ்சுக்குள்ள போயிரும் கேதீசக்கா. மறுகா சளி, மறுகா காய்ச்சல், மறுகா—"

"மறுகா திங்கக்கிழம வருமா வராதா, அதச் சொல்லு!"

ஸஹீதா கரண்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கேதீஸ்வரி அதன் காம்பை விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கரண்டி கஞ்சி ஆடிக்கொண்டு நின்றது. யாருக்காக இந்தச் சண்டையோ அந்த மங்கையற்கரசி, எண்பத்து நாலு வயது, கட்டிலில் கிடந்தபடி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி தன்பாட்டில் கடைவாயால் வழிந்து கழுத்துத் துண்டில் இறங்கியது.

"பாத்தீங்களா? வேணாம் எண்டுதான் சொல்றா."

"அவவுக்கு வேணும் வேணாம் தெரிஞ்சா ஏன் நான் உன்ன வைச்சிருக்கிறன்?"

ஸஹீதா துண்டை மாற்றினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய இரண்டு வருசமும் அந்த வீட்டின் கதை வேறு மாதிரி இருந்தது. மங்கையற்கரசிக்கு மறதி முற்றி, பெற்ற மகளையே "ஆர் நீ, கள்ளி, என்ர பெட்டிய எங்க வைச்ச?" என்று கேட்கத் தொடங்கிய நாளில் இருந்து, கேதீஸ்வரி பொழுதுபட விளக்கு வைக்கும்போதெல்லாம் கண்ணகை அம்மனிடம் ஒன்றைத்தான் கேட்டாள்: "அம்மாளே, இந்த மனிசியப் படுத்தாம எடுத்துக்கொள்ளு." ஊராரும் வந்து வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மன் இரண்டு வருசம் காது கொடுக்கவில்லை. இந்த வைகாசியில்தான் கொடுக்கலாம் என்று நினைத்தாள் போலும். பார்த்தால், கேதீஸ்வரி கொடுத்த மனுவைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

காரணம் கோயில். வருசத்தில் ஒரு தரம் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும். ஏழு நாள் சடங்கு. ஏழாம் நாளான திங்கள் பின்னேரம் குளிர்த்தி. அம்மனின் சூடு தணியக் கும்பத்து நீர் சொரிந்து, ஊருக்கு மழையும் சுகமும் கேட்டுக் கதவைச் சாத்துவார்கள். இந்த வருசம் அதை முன்நின்று நடத்தும் வண்ணக்கர், கேதீஸ்வரியின் அண்ணன் பேரின்பம். கோயில் பொறுப்பான அந்தப் பதவிக்காக அவர் மற்றக் குடிக்காரரோடு, அதாவது ஊரின் மற்ற வம்சத்தாரோடு, பதினொரு வருசம் இழுபறிப்பட்டவர். கூட்டம், கடிதம், பொலிஸ், சமாதானம், மறுபடியும் கூட்டம் என்று போய், போன மாசிதான் கையில் கிடைத்தது. அதுவும் அப்பன் வழியாக வந்ததல்ல. அந்தப் பக்கத்தில் குடி தாய்வழி. பேரின்பம் வண்ணக்கர் என்றால் அது மங்கையற்கரசி பெற்றதால்.

ஆனபடியால் மங்கையற்கரசி குளிர்த்தி முடியுமுன் கண்ணை மூடினால் குடி முழுவதுக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. சாவு விழுந்த வீட்டுத் துடக்கோடு ஒருவரும் கோயில் வாசல் மிதிக்க ஒண்ணாது. பேரின்பம் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வரவேண்டும். குளிர்த்திக் கும்பம் மற்றக் குடிக்காரரின் கைக்குப் போகும். போனது பிறகு திரும்புமா? பதினொரு வருசம் கேட்டுப் பார்த்தவருக்குத் தெரியும்.

ஸஹீதா ஓட்டமாவடிக்காரி. மட்டக்களப்பில் இருக்கும் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிலையத்தார் அவளை இங்கே அனுப்பிப் பதினாலு மாதம். அதற்கு முந்தி எட்டு வருசம் சவூதியில் ஒரு கிழவியைப் பார்த்தவள். அந்தக் கிழவிக்குப் பிள்ளைகள் ஐந்து பேரும் மூக்கால் குழாய் போடச் சொல்லி, குழாயால் பாலை இறக்கி, நாற்பது நாள் வைத்திருந்தார்கள். கிழவி மௌத்தானது நோய் வருத்தத்தாலா குழாயாலா என்று ஸஹீதாவுக்கு இன்றைக்கும் சந்தேகம். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு வாய் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இனி ஒரு ஆளை அப்படிப் போகவிடுவதில்லை என்று விமானத்தில் ஏறும்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தவள். மங்கையற்கரசி லேசாகப் போகவேண்டும். ஸஹீதாவுக்கு வேண்டியது அவ்வளவும்தான். வெள்ளி என்றாலும் சரி, திங்கள் என்றாலும் சரி.

சடங்கு தொடங்குமுன் பேரின்பம் தங்கையிடம் கேட்டிருந்தார்: "இந்த ஏழு நாளைக்கும் அந்தப் புள்ள வீட்டுக்குள்ள நிக்கிறது சரியா வருமா? ஆசாரமான நாளில்ல?"

"அப்ப நீ வந்து பம்பஸ் மாத்து."

"அதெப்பிடி, நான் காப்புக் கட்டினா கோயில விட்டு வரேலாதே."

"நானும் கோயிலுக்கு நெல்லுக் குத்துறன் எண்டு நேத்தி வைச்சிருக்கிறன். மலசலத்தில கை வைக்க ஒண்ணா. அப்ப ஆரு வைக்கிற?"

பேரின்பம் அதன்பிறகு ஆசாரத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஏழு நாளும் வாவியோரத்து அந்த வீட்டில் மீன் வாசமே இல்லை. ஸஹீதாவும் தன்பாட்டில் மீன் கறியை விட்டாள். "நீ ஏன்கா விடுற?" என்று கேதீஸ்வரி கேட்டதற்கு, "நீங்க பருப்பும் கத்தரிக்காயும் தின்னக்குள்ள நான் மட்டும் மீன மணக்க மணக்கத் தின்னவா, எனக்கென்ன நெஞ்சில்லையா?" என்றாள்.

சனிக்கிழமை நிலையத்தில் இருந்து தாதி கஜானி மோட்டார் சைக்கிளில் வந்தாள். நாடியைப் பிடித்தாள், பாதத்தை அமத்திப் பார்த்தாள், ஸஹீதாவின் முகத்தையும் பார்த்தாள். கேதீஸ்வரி கையில் தொலைபேசியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே பறை, உடுக்கு, பெண்கள் குரவை, அதற்கு மேலால் பேரின்பம்.

"மிஸ்ஸி, ஒரு சேலைன் ஏத்திவிடுங்க!"

"ஐயா, உடம்பு இப்ப தண்ணிய ஏத்துக்கொள்ளாது. ஏத்தினா வீங்கும், மூச்சு முட்டும். அவவுக்குத்தான் கரைச்சல்."

"அப்ப மூக்கால குழாய்?"

ஸஹீதா தலையணையைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"குழாய் போட்டா இழுத்து எறிவா ஐயா. கையக் கட்டவேணும். அம்மாட கையக் கட்டச் சொல்றீங்களா?"

பறை அடித்தது.

"கட்ட வேணாம். ஆனா திங்கள் பின்னேரம் மட்டும் எப்பிடியாவது..."

"இது வழியில கை காட்டி நிப்பாட்டுற பஸ்ஸா ஐயா?"

கஜானி சின்னப் பெட்டை. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேதீஸ்வரி தொலைபேசியை அணைத்துவிட்டு, "நல்லாத்தான் கேக்கிற. நான் கேக்காத கேள்வி" என்றாள். அன்றோடு கஞ்சிக் கரண்டியும் அடுப்படிக்குப் போனது. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பதோடு சரி.

அன்று பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். வந்த பழக்கத்தில், "பாவம், அம்மாள் சுறுக்கா எடுத்தா நல்லம்" என்றவர்களைக் கேதீஸ்வரி கிழித்துப் போட்டாள்: "ஏன், உங்களுக்கென்ன அவசரம்? அவ உங்கட வீட்டு அரிசியையா தின்னுறா?" நேற்றுவரை அவளே சொன்ன சொல் என்பதால் வந்தவர்கள் குழம்பிப்போய், தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்தது தங்கரெத்தினம். மற்றக் குடிக்காரி. பேரின்பம் வெளியே வந்தால் கும்பம் யார் கைக்குப் போகுமோ அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் பெண்சாதி. பதினொரு வருசமாக இந்த வாசல் படலை தாண்டாதவள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தாண்டி வந்தாள்.

"ஸஹீதா, சுறுக்கா!" கேதீஸ்வரி அறைக்குள் பாய்ந்தாள். "நிமித்தி வை. கண்ணாடியப் போடு. பவுடர் எங்க? கொஞ்சம் பூசிவிடு."

"பாக்கிறதுக்கு ஆரு, மாப்பிள்ள வீட்டாரா?"

"அத விடப் பெரிய ஆள். மூச்ச எண்ணிப் பாக்க வாறா."

மங்கையற்கரசியை மூன்று தலையணையில் சாய்த்து, கண்ணாடியும் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசினார்கள். தங்கரெத்தினம் வந்தாள். கதிரை இருக்க, அதில் இருக்காமல் கட்டிலடியில் நிலத்தில் குந்தினாள். அப்போதுதான் மூன்று நாளாய் ஒரு சொல் சொல்லாத வாய் அசைந்தது.

"தங்கம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தங்கம், வயித்துப்புள்ளக்காரி. நிலத்தில இரியாத. குளிரும்."

தங்கரெத்தினத்துக்கு அறுபத்தொரு வயது. வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது கனடாவில் லொறி ஓட்டுகிறான். அவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஆமிக்காரன் றோட்ட மூடி வைச்ச நேரம்... என்னத் தோணியில ஏத்தி, தானே துடுப்ப வலிச்சு, அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேத்தவ. எனக்கு அவன் அங்கதான் பிறந்தவன்..."

கேதீஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருசமாகத் தாயின் வாயால் தன் பெயரை ஒரு தரம் கேட்கக் காத்திருந்தவள். தாய்க்கு ஞாபகம் வந்த ஒரே ஆள் எதிர்க்கட்சி.

படலையடியில் தங்கரெத்தினம் கண்ணைத் துடைத்து, குரலையும் துடைத்துவிட்டு ஸஹீதாவிடம் மெல்லக் கேட்டாள்: "எத்தின நாள் தாங்குவா?"

"அது படைச்சவனுக்குத்தான் தெரியும்."

"சும்மாதான் கேட்டன்."

"நானும் சும்மாதான் சொன்னன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு மாறியது. ஓடும், நிற்கும், ஸஹீதா ஏழு எட்டு எண்ணி முடிய மறுபடி ஓடும். முழங்காலுக்குக் கீழே தோல் நீலம் பாய்ந்தது. ஸஹீதா கேதீஸ்வரியைப் பின்வளவுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்றன். இண்டைக்கு, இல்லாட்டி நாளைக்கு."

"நாளைக்குப் பின்னேரம் மட்டும் ஏலாதா?"

"என்னக் கேட்டா?"

கேதீஸ்வரி அண்ணனுக்கு அழைப்பு எடுத்தாள். "அண்ணன், அம்மாக்கு—" என்று தொடங்கியதுதான்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு! எனக்கு ஒண்டும் சொல்லாத!"

"என்ன சொல்லாத? இன்னும் ஒண்டும் நடக்கல்ல."

"நடந்தாலும் சொல்லாத. இஞ்ச வயசாளி ஒராளிட்டச் சும்மா பேச்சுக்குக் கேட்டன். அவர் சொல்றார், சாவு காதில விழுந்த நேரத்தில இருந்துதானாம் துடக்கு. கேட்டால்தான் துடக்கு. கேக்காட்டி இல்ல. விளங்குதா?"

"விளங்கல்ல."

"குளிர்த்தி முடியும் மட்டும் என்ர காதுக்கு ஒண்டும் வரப்படாது. நீயும் அந்த அறைக்குள்ள போகாத. நீ கண்டா நீ கத்துவ. நீ கத்தினா ஊர் கேக்கும். ஊர் கேட்டா நான் கேப்பன்."

"அப்ப அம்மாவ ஆரு பாக்கிற?"

"அந்தப் புள்ள நிக்கிதுதானே. அதுக்கு நம்மட துடக்கு இல்லத்தானே."

பதினாலு மாதமாக ஸஹீதாவைப் பற்றி அந்த வீட்டார் கண்டுபிடித்த நல்ல குணங்களில் இது புதுசு.

கேதீஸ்வரி வந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸஹீதா கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்கட உம்மாட மௌத்து எனக்கு மட்டும்தான். பெத்த புள்ளைகளுக்கு இல்ல."

"இல்ல எண்டு ஆரு சொன்ன? திங்கள் ஆறு மணிக்குப் பிறகு எண்டுதான்."

"கேதீசக்கா, ஒண்டு சொல்றன். நான் பொய் சொல்ல மாட்டன். கேட்டா உள்ளதச் சொல்லிருவன். கேக்காட்டி வாயத் துறக்க மாட்டன்."

"அது காணும். கேக்காம இரிக்கிறது எங்கட பாடு."

கேட்காமல் இருப்பது லேசான வேலை இல்லை. "அம்மா எப்பிடி?" என்று கேட்க ஒண்ணாது. "நித்திரையா?" என்றும் கேட்க ஒண்ணாது, அதற்கு ஒரு பதில் வந்துவிடும். அறை வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அதற்கு இப்பால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்த கேதீஸ்வரி கேட்கக்கூடிய கேள்விகளைத் தேடிப் பிடித்தாள்.

"பஞ்சு காணுமா?"

"காணும்."

"பேன் கூடவா ஓடுது?"

"ஓடட்டும்."

"நீ சாப்பிட்டியா?"

"நான் சாப்பிட்டன்."

"நீ" என்பதில் ஒரு அழுத்தம் விழுந்ததைக் கேதீஸ்வரி கேட்காத மாதிரி இருந்தாள். திங்கள் காலையில் கோயிலுக்குப் போய் நெல்லுக் குத்திக் கொடுத்துவிட்டு, கையில் உமி ஒட்டியபடியே ஓடிவந்து மறுபடியும் திரைக்கு இப்பால் இருந்தாள். தாயிடம் கேள்வி கேட்கத்தானே ஒண்ணாது, கதை சொல்லலாம்.

"அம்மா, இஞ்சால நான்தான். நெல்லுக் குத்தி முடிஞ்சுது. போன வருசத்த விடச் சனம் கூட. அண்ணன் மஞ்சள் வேட்டியோட நிக்கிறான், அப்பிடியே உங்கட அண்ணன் மாதிரி. உங்களப் பத்தித்தான் எல்லாரும் கதை. நீங்க பெத்த புள்ள எண்டு..."

பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஸஹீதா திரையை விலக்கினாள்.

"அக்கா, உள்ள வாங்க. வந்து கையப் புடிங்க."

கேதீஸ்வரி எழும்பினாள், எழும்பியபடி நின்றாள்.

"பயப்பிடாதீங்க. உசிரோடதான் இரிக்கிறா. உசிரோட இரிக்கிற ஆளத் தொட்டா என்ன துடக்கு?"

"புடிச்சிக்கொண்டு இரிக்கக்குள்ள போயிட்டா?"

"போனா, மகள்ற கையப் புடிச்சிக்கொண்டு போவா."

கேதீஸ்வரி ஒரு கால் வாசற்படியில் வைத்தாள். வாவிக் கரைப் பக்கத்தில் இருந்து கோயில் ஒலிபெருக்கி கேட்டது. வண்ணக்கர் பேரின்பம் அவர்கள் கும்ப மண்டபத்துக்கு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்பட்டார். படியில் வைத்த கால் பின்னுக்கு வந்தது.

"நீ புடி" என்றாள். "நீ நல்லாப் புடிப்ப."

ஸஹீதா திரையை விட்டாள்.

மூச்சு ஓடியது, நின்றது. அவள் இருபது வரை எண்ணினாள். மறுபடி ஒரு மூச்சு, பெருமூச்சு விடுகிற ஆளைப் போல. மறுபடி எண்ணினாள். நூறு தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு பழக்கத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு மணி பத்து. புரைக்கேறவில்லை, குழாய் இல்லை, கையை யாரும் கட்டவில்லை. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்தது; அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. "இன்னாலில்லாஹி" என்று தொடங்கும் சொற்களைத் தனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தையும் கையையும் துடைத்தாள். தலைமயிரைச் சீவி முடிந்தாள். உயிரோடு இருந்தபோது சீப்பைக் கண்டால் அடிக்க வரும் மனிசி.

எல்லாம் முடிந்து திரைக்கு வெளியே வந்தாள். கேதீஸ்வரி கதிரையில் இருந்தபடி அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட உம்மா எடுத்து வைச்ச வெள்ளச் சீலை எந்தப் பெட்டிக்குள்ள இரிக்கு?"

கேதீஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். சாவி துவாரத்துக்குள் போகமாட்டேன் என்றது. மூன்று தரம் தவறி நாலாம் தரம் போனது. சீலையை எடுத்துக் கொடுத்தாள். பின்வளவுக்குப் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள்.

அது பழைய மோட்டார். போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதன் பக்கத்தில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, அவள் என்ன சத்தம் போட்டாளோ அது மோட்டாரோடு போயிற்று. மேலே தொட்டி நிரம்பியது. நிரம்பி வழிந்தது. கூரையால் இறங்கி, வாழையடியை நிரப்பி, ஒழுங்கைக்குள் ஓடத் தொடங்கியது.

ஒழுங்கையில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தங்கரெத்தினம் வந்தாள். கோயிலுக்குப் போகிற சீலை, கையில் பூத்தட்டு. நேரே பின்வளவுக்குப் போய் மோட்டாரை நிற்பாட்டினாள். திடீரென்று வந்த அமைதியில் கேதீஸ்வரியின் குரல் பாதியில் அறுந்தது.

"கரண்ட் பில்லு வரும்" என்றாள் தங்கரெத்தினம்.

"ஓம்."

தங்கரெத்தினம் வீட்டுக்குள் வந்தாள். ஸஹீதா திரைக்கு முன்னால் நின்றாள். தங்கரெத்தினம் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். ஸஹீதா பொய் சொல்லாதவள். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். தங்கரெத்தினத்துக்குத் துடக்கு இல்லை. படலையடியில் நின்று ஒரு தரம் ஒப்பாரி வைத்தால் போதும், கும்பம் இன்றைக்கே கை மாறிவிடும்.

அந்த நேரம் பார்த்து தங்கரெத்தினத்தின் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் புருசனின் அவசரக் குரல் வெளியே கேட்டது: "அங்க என்ன புதினம்? ஏதும்...?"

தங்கரெத்தினம் திரைச்சீலையைப் பார்த்தாள். அது காற்றில் கொஞ்சம் விலகி, கட்டிலின் கால்மாட்டைக் காட்டியது.

"ஒரு புதினமும் இல்ல. தொட்டி நிரம்பி வழியுது. மோட்டர நிப்பாட்டப் போன நான்."

அணைத்துவிட்டுப் பூத்தட்டைக் கதிரையில் வைத்தாள். "நான் இண்டைக்குக் கோயிலுக்குப் போகல்ல. முழங்கால் வலி" என்று சொல்லி நிலத்தில் குந்தினாள்.

மூன்று மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் ஓடிய ஒழுங்கையால்தான் எல்லாரும் கோயிலுக்குப் போகவேண்டும். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி நடந்தார்கள். மழை வேண்டும், வயல் வட்டை காய்ந்து கிடக்கிறது, குளிர்த்தி தடைப்படக் கூடாது. கோயிலடியில் பெண்கள் பேரின்பத்தைக் கண்டதும் பேச்சை நிற்பாட்டி, ஈரக் கண்ணோடு, "நல்லாச் செய்யிற மகன், நல்லாச் செய்யிற" என்றார்கள். பறையடிக்கிறவர்கள் வழக்கத்தை விடப் பலமாக அடித்தார்கள், ஒரு சத்தமும் உள்ளே வராதபடி. ஊரிலேயே கேள்விப்படாத ஒரே ஆளாகப் பேரின்பம் கும்பத்தைத் தூக்கி, அம்மன் குளிர நீரைச் சொரிந்தார். கதவு சாத்தப்பட்டது.

ஆறு மணிக்குச் சனம் புடைசூழ அவர் ஒழுங்கைக்குள் வந்தார். மஞ்சள் வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது. கையில் ஒரு செம்பு, அதில் குளிர்த்தித் தண்ணீர், மேலே வேப்பிலை. தாய்க்குத் தெளிக்கக் கொண்டுவந்தது. படலைக்குள் கால் வைத்தபோதே தங்கரெத்தினம் தாய் வீட்டு முற்றத்தில் குந்தியிருப்பதைக் கண்டார். தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் குரவை போடவில்லை.

"தங்கச்சி?"

கேதீஸ்வரி தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் உள்ளே போகாதவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பேரின்பம் திரைவரை வந்தார். விலக்கவில்லை. விலகியிருந்த இடத்தால் வெள்ளைச் சீலையின் கரை தெரிந்தது. கும்பம் தூக்கிய கையில் செம்பு சாய்ந்து தண்ணீர் பாதத்தில் சிந்தியது.

"அம்மா, குளிர்த்தி முடிஞ்சுது. ஒரு குறையும் வரல்ல" என்றார் திரையிடம்.

அப்படியே சரிந்து வாசற்படியில் இருந்தார். பதினொரு வருசம் கூட்டங்களில் மேசையில் அடித்துப் பேசிய மனிசன், செம்பை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். படலையில் நின்ற சனம் ஒரு அடி முன்னுக்கு வந்து நின்றது. மற்றக் குடிக்காரரும் நின்றார்கள், தங்கரெத்தினத்தின் புருசனும் நின்றார். எல்லாருக்கும் அந்த நேரத்தில் ஒரு பதில் வேண்டியிருந்தது. குளிர்த்தி முடிந்த பிறகுதான் போனா என்று சிலருக்கு, அதற்கு முன்னமே என்று சிலருக்கு.

பேரின்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தங்கையைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்க்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்ற ஸஹீதாவைப் பதினாலு மாதத்தில் முதல் தரமாக நேரே பார்த்தார். ஒரு மணி பத்தை அவளுக்குக் காட்டிய சுவர் மணிக்கூடு அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லு புள்ள. நான் வந்து சேரும் மட்டும் அம்மா எனக்காகத்தானே காத்துக்கொண்டு இருந்தா?"